முதல் தடவை டாக்டரைப் பாக்குறதுக்கு முன்னாடி நானா எடுத்த பிளட் டெஸ்ட்டால நான் பட்ட பாடு

இந்த வருஷம் ஜூன் மாசம், ரெண்டு வாரத்துக்கு மேல, எனக்கு இல்லாத ஒரு வியாதிக்கு மாத்திரை சாப்பிட்டேன். யாரும் என்னை ஏமாத்தல, ரிப்போர்ட்டும் வேற யாரோடதோடயும் மாறி வரல. டாக்டரைப் பாக்குறதுக்கு முன்னாடியே டெஸ்ட் எடுத்து கையில வெச்சிருந்தா நல்லதுன்னு நானா நெனச்சேன், அங்க ஆரம்பிச்சது எல்லாம். அப்ப எனக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல பக்கத்துல ஒரு ஆள் இல்ல. அதனால நடந்ததை நடந்தபடி எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

எனக்கு 36 வயசு, வில்லிவாக்கத்துல வீடு, அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். வீட்டுக்காரர் மஸ்கட்ல இருக்கார், பாப்பா ரெண்டாம் கிளாஸ். பொங்கல் முடிஞ்சதுல இருந்தே எனக்கு உடம்பு சரியில்ல. காய்ச்சல் மாதிரி ஒண்ணும் இல்ல, ஆனா காலைல எந்திரிக்கும்போதே அசதியா இருக்கும், பட்டரவாக்கம் ஸ்டேஷன்ல அந்த மேம்பாலப் படி ஏறுறதுக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிக்கும், நடுவுல நின்னு ஃபோனைப் பாக்குற மாதிரி நடிச்சு மூச்சு வாங்கிட்டுத்தான் மிச்சப் படி ஏறுவேன். முடி கொத்து கொத்தா கொட்டுச்சு. பார்லர் அக்கா ஒருத்தங்க பயோட்டின்னு ஒரு விட்டமின் மாத்திரை இருக்கு, சாப்பிடும்மா, எல்லாரும் அதான் சாப்பிடுறாங்கன்னு சொன்னாங்க. ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி மார்ச்ல இருந்து தினமும் ஒண்ணு போட்டுட்டு இருந்தேன். டப்பா மேல 10,000 மைக்ரோகிராம்னு பெருசா போட்டிருக்கும். அது ஒரு மருந்துன்னே எனக்கு மனசுல படல. முடிக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி இதுவும் ஒண்ணுன்னு இருந்துட்டேன்.

ஆபீஸ்ல ஒரு ஃப்ரெண்ட், இதெல்லாம் தைராய்டு அறிகுறிடி, லேட் பண்ணாதன்னு சொல்லி, அண்ணா நகர்ல ஒரு ஹார்மோன் டாக்டர் நம்பர் குடுத்தா. ஃபோன் பண்ணேன், 19 நாள் கழிச்சுத்தான் அப்பாயின்ட்மென்ட் கெடைச்சது. ஃபோன்ல பேசின பொண்ணு கடைசியா "பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க மேடம்"னு சொன்னாங்க. இருந்தா எடுத்துட்டு வாங்கன்னுதான் சொன்னாங்க, எனக்கு அது ரிப்போர்ட்டோட வாங்கன்னு கேட்டுச்சு. வெறுங்கையோட போனா டாக்டர் டெஸ்ட் எழுதிக் குடுப்பார், அதை எடுத்துட்டு மறுபடி ஒரு நாள் போகணும், மறுபடி ஒரு லீவு போடணும், மறுபடி ஃபீஸ் கட்டணும். இந்தக் கணக்குத்தான் என் மண்டையில ஓடுச்சு. நம்மள்ல நிறைய பேர் இப்படித்தான் யோசிக்கிறோம், தப்பான யோசனைன்னு சொல்ல மாட்டேன். ஆனா என்ன டெஸ்ட் வேணும்னு திருப்பி ஒரு கேள்வி அதே ஃபோன்ல கேட்டிருக்கணும். ரெண்டு நிமிஷ வேலை.

அன்னைக்கு ராத்திரியே ஒரு லேப் ஆப்ல பாத்தேன், 82 டெஸ்ட், 1,999 ரூபாய், வீட்டுக்கே வந்து எடுப்பாங்க. 82ன்னு பாத்ததும் இதுல எல்லாம் வந்துரும்னு நம்பி புக் பண்ணிட்டேன். இந்த 82 எப்படி வருதுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. சிபிசின்னு, ஒரே ஒரு டியூப் ரத்தத்துல அணுக்களை எண்ணிப் பாக்குற டெஸ்ட்டையே இருபது இருபத்தஞ்சு டெஸ்ட்டா எண்ணுவாங்க. கொலஸ்ட்ரால்ல நாலு அஞ்சு அளந்துட்டு, அதையே ஒண்ணை ஒண்ணால வகுத்து ரெண்டு மூணு விகிதம் போட்டு அதையும் தனித்தனி டெஸ்ட்டா கணக்கு காட்டுவாங்க. லிவர்லயும் அதே மாதிரி. நம்பரைப் பாத்து பேக்கேஜ் எடுக்காதீங்க, உள்ள என்னென்ன பேர் இருக்குன்னு விரிச்சுப் பாருங்க. எனக்கு நெஜமாவே தேவைப்பட்ட ஒரு டெஸ்ட் அந்த 82ல இல்லவே இல்ல, அதைப் பின்னாடி சொல்றேன்.

சனிக்கிழமை காலைல 7 மணிக்கு வர்றதா சொன்ன பையன் வந்தது 9:40க்கு. முந்தின நாள் ராத்திரி 8 மணிக்கு சாப்பிட்டது, தலை வலி தாங்கல, ஏழரைக்கு அரை டம்ளர் காபி குடிச்சு அதோட பயோட்டின் மாத்திரையும் வழக்கம்போல போட்டுட்டேன். காபி குடிச்சதை அந்தத் தம்பிகிட்ட சொன்னா திருப்பி அனுப்பிருவானோ, இன்னொரு நாள் காத்திருக்கணுமோன்னு சொல்லவே இல்ல. பாலும் சக்கரையும் போட்ட காபி ஃபாஸ்டிங் சுகரையும், டிரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பு அளவையும் மாத்திடும். தண்ணி மட்டும்தான் குடிக்கலாம், நல்லாவே குடிக்கலாம், தண்ணி குடிச்சா நரம்பும் சீக்கிரம் கெடைக்கும். ஃபாஸ்டிங் சுகருக்கு குறைஞ்சது 8 மணி நேரம், கொலஸ்ட்ராலுக்கு ஃபாஸ்டிங் கேட்டா 9லேர்ந்து 12 மணி நேரம். தைராய்டு, சிபிசி, மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற எச்பிஏ1சி இதுக்கெல்லாம் பட்டினி கிடக்க வேண்டிய அவசியமே இல்ல, இது தெரியாம பாதி சென்னை காலைல மயக்கத்தோட லேப் வாசல்ல உக்காந்திருக்கு.

எனக்கு நரம்பு சீக்கிரம் கெடைக்காது. அந்தத் தம்பி பட்டையை இறுக்கிக் கட்டி, கையை மூடித் திறங்க மூடித் திறங்கன்னு சொல்லிட்டே இருந்தான், மொத குத்துல வரல, ரெண்டாவது குத்துல ரத்தம் சொட்டு சொட்டா வந்துச்சு. அவனுக்கும் பாவம் அவசரம், இன்னும் ஆறு வீடு போகணும்னு சொன்னான். டியூபை எல்லாம் பையில போட்டுட்டு கிளம்பிட்டான்.

அன்னைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு லேப்ல இருந்து ஃபோன். "மேடம், உங்க பொட்டாசியம் 6.3 காட்டுது, கிரிட்டிக்கல் வேல்யூ, உடனே டாக்டரைப் பாருங்க." பாப்பாவுக்கு கதை சொல்லித் தூங்க வெச்சிட்டு இருந்தேன். பொட்டாசியம் ஏறினா என்ன ஆகும்னு ஃபோன்ல தேடினேன், இதயம் நின்னு போகலாம்னு மொத வரியிலயே இருக்கு. எனக்கு ஏற்கனவே படபடப்பு வேற. கீழ் வீட்டு அக்காவை எழுப்பி பாப்பாவை விட்டுட்டு, ஆட்டோ புடிச்சு ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்கு போனேன். அந்த ஆட்டோவுல நான் என் வீட்டுக்காரருக்கு மெசேஜ் அடிச்சு அடிச்சு அழிச்சேன், மஸ்கட்ல இருந்து அவரால என்ன பண்ண முடியும். பேங்க் லாக்கர் சாவி எங்க இருக்குன்னு மட்டும் எழுதி அனுப்பாம வெச்சிருந்தேன். அந்த மெசேஜ் இன்னும் டிராஃப்ட்ல இருக்கு, அழிக்க மனசு வரல.

ஈசிஜி எடுத்தாங்க, நார்மல். ரத்தம் திரும்ப எடுத்தாங்க, முக்கா மணி நேரத்துல வந்துச்சு, பொட்டாசியம் 4.1. சின்ன வயசு டூட்டி டாக்டரம்மா என் பக்கத்துல உக்காந்து, ஃபோன்ல இருந்த ரிப்போர்ட்டை பெருசாக்கிக் காட்டினாங்க. பொட்டாசியத்துக்கு கீழ பொடி எழுத்துல சாம்பிள் ஹீமோலைஸ் ஆயிருக்குன்னு ஒரு வரி. ரத்தத்துல இருக்குற சிவப்பு அணுவுக்குள்ளதான் பொட்டாசியம் நிறைய இருக்கு, அந்த அணு உடைஞ்சா அது வெளிய கலந்து அளவு ஏறின மாதிரி காட்டும், உடம்புக்குள்ள ஏறியிருக்காதுன்னாங்க. கஷ்டப்பட்டு உறிஞ்சி எடுத்தா உடையும், பட்டையை ரொம்ப நேரம் கட்டி கையை மூடித் திறந்தாலும் ஏறும், எடுத்த ரத்தத்தைப் பிரிக்காம ரொம்ப நேரம் வெச்சிருந்தாலும் ஏறும். ரிப்போர்ட் மேல மூணு நேரம் போட்டிருக்கும், பாருங்கன்னு காட்டினாங்க. சாம்பிள் எடுத்தது 9:45, லேபுக்கு வந்து சேர்ந்தது சாயங்காலம் 5:50. எட்டு மணி நேரம் என் ரத்தம் ஜூன் மாச வெயில்ல அந்தப் பையில ஊர் சுத்தியிருக்கு. பில் 3,850 ரூபாய். ஆனா ஒண்ணு சொல்றேன், இப்படி ஃபோன் வந்தா சாம்பிள் தப்பா இருக்கும்னு நீங்களே முடிவு பண்ணிட்டு தூங்கிடாதீங்க, நெஜமாவே ஏறியிருந்தா அது உயிர் போற விஷயம்தான். போய் திரும்ப எடுத்துப் பாக்குறதுதான் சரி, நான் அன்னைக்கு பண்ணதுல சரியா பண்ணது அது ஒண்ணுதான். வீட்டுல வந்து எடுக்கணும்னா காலைல மொத ஆளா எடுக்கச் சொல்லுங்க, முடிஞ்சா நேரா லேபுக்கே போய் குடுங்க. எடுத்த நேரம், சேர்ந்த நேரம், கீழ இருக்குற குறிப்பு, இது மூணையும் நம்பரைப் பாக்குறதுக்கு முன்னாடி பாருங்க.

ஞாயித்துக்கிழமை மிச்ச ரிப்போர்ட்டும் வந்துச்சு. தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டுற டிஎஸ்ஹெச் ஹார்மோன் 0.08. தைராய்டு சுரக்குற ஹார்மோன் ஃப்ரீ டி4 2.9. ரெண்டும் சிவப்பு எழுத்துல. டிஎஸ்ஹெச் 0.4க்கு கீழ போனா தைராய்டு அதிகமா சுரக்குறதா இருக்கலாம், எனக்கு அதுக்கும் ரொம்பக் கீழ. முடி கொட்டுறது, படபடப்பு, அசதி, எல்லாம் ஒண்ணா பொருந்துச்சு. எச்பிஏ1சி 6.1, அதுக்கு பக்கத்துல ப்ரீ டயாபடீஸ்னு போட்டிருந்துச்சு. அப்பாயின்ட்மென்ட்டுக்கு இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கு, அது வரைக்கும் சும்மா இருக்க பயமா இருந்துச்சு. திங்கக்கிழமை சாயங்காலம் ஏரியாவுல ஒரு கிளினிக் போனேன், கூட்டம் ஜாஸ்தி. டாக்டர் ரிப்போர்ட்டைப் பாத்தார், நாடி பாத்தார், 110 இருந்துச்சு, ஹைப்பர் தைராய்டும்மான்னு சொல்லி, தைராய்டு சுரக்குறதைக் குறைக்கிற கார்பிமசோல் மாத்திரை எழுதிக் குடுத்தார். அவர் மேல கோவம் இருந்துச்சு, இப்ப இல்ல. நான் குடுத்த பேப்பர்ல அப்படித்தான் இருந்துச்சு. வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேட்டார், ஒண்ணும் இல்ல டாக்டர்னு சொன்னது நான்தான்.

அந்த வாரம் தூக்கமே இல்ல. ராத்திரி ராத்திரி படிச்சுப் படிச்சு, தைராய்டை அதிகமா சுரக்க வைக்கிற கிரேவ்ஸ்னு ஒரு வியாதி, அதுல கண்ணு வெளிய துருத்தும்னு தெரிஞ்சு, காலைல கண்ணாடி முன்னாடி நின்னு என் கண்ணையே பாத்துட்டு இருப்பேன். அம்மா திண்டிவனத்துல இருக்காங்க, பிபி பேஷன்ட், சொல்லல. வீட்டுக்காரர்கிட்ட சும்மா கொஞ்சம் தைராய்டுன்னு சொன்னேன். சுகர் வேற வரப்போகுதுன்னு சோறை நிறுத்திட்டேன், ரெண்டு சப்பாத்தி, வெள்ளரிக்காய். அதுல இன்னும் தளர்ந்து போனேன். கிரேவ்ஸ் இருக்கா இல்லையான்னு பாக்க டிஆர்ஏபின்னு ஒரு ஆன்டிபாடி டெஸ்ட் இருக்குன்னு படிச்சு, வியாழக்கிழமை அதையும் நானா போய் எடுத்தேன், 3,200 ரூபாய். கோட்டுக்கு கொஞ்சம் மேல, பாசிட்டிவ். அந்த ரிப்போர்ட் வந்தப்ப ஆபீஸ்ல இருந்தேன். பாத்ரூம்ல போய் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

ஒருவழியா அப்பாயின்ட்மென்ட் நாள் வந்துச்சு. ஹார்மோன் டாக்டர் பெரியவர், நிதானமானவர். நான் ஃபைலை நீட்டினேன், அவர் வாங்கி மேசை மேல கவுத்து வெச்சிட்டு, "இது இருக்கட்டும்மா, மொதல்ல உங்களுக்கு என்ன பண்ணுது, சொல்லுங்க"ன்னார். பதினஞ்சு நிமிஷம் கேட்டார். வெயிட் குறைஞ்சதா, இல்ல. கை நடுங்குதா, இல்ல. வேர்த்துக் கொட்டுதா, இல்ல, குளிருதுன்னேன். கழுத்தைத் தொட்டுப் பாத்தார், முழுங்கச் சொன்னார். கண் கீழ் இமையை இழுத்துப் பாத்தார், நகத்தைப் பாத்தார். பீரியட்ஸ் பத்தி கேட்டார். அப்புறம்தான் ஃபைலைத் திறந்தார். ஒரு நிமிஷம் பாத்துட்டு நிமிர்ந்து, "முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா"ன்னு கேட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். நிறைய லேப் கருவிங்கள்ல, ரத்தத்துல இருக்குற ஹார்மோனைப் புடிச்சு இழுக்குறதுக்கு பயோட்டினையே பசை மாதிரி பயன்படுத்துறாங்க. நம்ம ரத்தத்துல ஏற்கனவே பயோட்டின் நிறைய மிதந்தா அது போய் அந்தப் பசை ஒட்டுற எடத்தை அடைச்சிடும். டிஎஸ்ஹெச் மாதிரி டெஸ்ட்ல அது அளவைக் குறைச்சுக் காட்டும், டி3 டி4 டெஸ்ட் வேற முறையில நடக்குறதால அதுல கூட்டிக் காட்டும். ஒண்ணு குறைஞ்சு ஒண்ணு கூடினா அது அப்படியே ஹைப்பர் தைராய்டு ரிப்போர்ட் மாதிரியே இருக்கும். அந்த ஆன்டிபாடி டெஸ்ட்டும் சில கருவியில இதே மாதிரி தப்பா பாசிட்டிவ் ஆகும், அதனால கிரேவ்ஸ்னே முத்திரை குத்திடலாம், உலகத்துல பல எடத்துல இப்படி நடந்திருக்குன்னார். ஒரு பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பயோட்டின் 30 மைக்ரோகிராம். நான் சாப்பிட்டது 10,000. அதுவும் ரத்தம் எடுக்குறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி. அமெரிக்காவுல மருந்துகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்டிஏ 2017லயே இதுக்கு எச்சரிக்கை குடுத்திருக்கு, 2019ல மறுபடியும் குடுத்திருக்கு. ஹார்ட் அட்டாக் கண்டுபிடிக்கிற டிரோபோனின் டெஸ்ட்டையும் இது குறைச்சுக் காட்டலாம், அதுல ஒருத்தர் இறந்ததா அவங்களே சொல்லியிருக்காங்க. எல்லாக் கருவியிலயும் இப்படி ஆகாது, புது கிட்டுங்கள்ல இந்தத் தொந்தரவு கம்மி. ஆனா உங்க லேப்ல என்ன கிட்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும். அதனால ரத்தம் குடுக்குறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க, அதிக டோஸ்னா எவ்வளவு நாள்னு டாக்டரைக் கேளுங்க. முடிக்கு, நகத்துக்கு, தோலுக்குன்னு விக்கிற மாத்திரை, சாக்லேட் மாதிரி மெல்லுற கம்மி, சில மல்டிவிட்டமின், எல்லாத்துலயும் பயோட்டின் இருக்கும், டப்பாவைத் திருப்பிப் படிங்க.

கார்பிமசோலை உடனே நிறுத்தச் சொன்னார். அதோட, இத்தனை நாள்ல தொண்டை வலியோ காய்ச்சலோ வந்துச்சான்னு ரெண்டு தடவை கேட்டார். அந்த மாத்திரையில அபூர்வமா வெள்ளை அணு அடியோட விழுந்துரும், அதுக்கு மொத அறிகுறி தொண்டை வலி, காய்ச்சல், அப்படி வந்தா மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே சிபிசி பாக்கணுமாம். எனக்கு வரல. யாராவது இதைச் சாப்பிட்டுட்டு இருந்தா தயவுசெஞ்சு இதை மட்டுமாவது ஞாபகம் வெச்சுக்கோங்க, எனக்கு மருந்து எழுதும்போது யாரும் சொல்லல.

அப்புறம் அவர் பேனாவால வட்டம் போட்டது, நான் ஒரு தடவை கூட நின்னு பாக்காத பக்கத்துல. ஹீமோகுளோபின் 9.4. சிவப்பு அணுவோட சராசரி அளவைக் காட்டுற எம்சிவி 71. அணுக்கள் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு சின்னதும் பெருசுமா இருக்குன்னு காட்டுற ஆர்டிடபிள்யூ 17.8. ரத்த சோகை, அதுவும் சிவப்பு அணு சின்னதா சுருங்கிப் போயிருக்கு, இரும்புச் சத்து குறைவாத்தான் இருக்கும்னார். படபடப்பு, படியில மூச்சு வாங்குறது, முடி கொட்டுறது, குளிர்றது, நாடி 110 ஓடுறது, எல்லாம் அதுதான். அதை உறுதிப்படுத்த வேண்டிய டெஸ்ட் ஃபெரிட்டின், உடம்புல இரும்புச் சேமிப்பு எவ்வளவுன்னு காட்டுறது, அந்த 82ல இல்லாதது. எழுதிக் குடுத்தார், 700 ரூபாய், 6னு வந்துச்சு, சேமிப்பு சுத்தமா காலி. எச்பிஏ1சி 6.1 பத்திக் கேட்டேன். இரும்பு குறைஞ்ச ரத்த சோகையில அது கொஞ்சம் கூடவே காட்டும், ரத்தம் ஏறினதும் திரும்பப் பாக்கலாம், அது வரைக்கும் சோறு சாப்பிடுங்கம்மான்னார். அதைக் கேட்டதும்தான் எனக்கு கண்ணுல தண்ணி வந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு தைராய்டு மறுபடி எடுத்தோம், அதே லேப்ல, பயோட்டின் இல்லாம. டிஎஸ்ஹெச் 2.4, ஃப்ரீ டி4 1.2. தைராய்டுக்கு ஒண்ணும் இல்ல.

அவர் சொன்ன இன்னொரு விஷயமும் மனசுல நின்னுடுச்சு. லேப்ல நார்மல்னு போடுற அளவு, ஆரோக்கியமா இருக்குற நூறு பேருல நடுவுல இருக்குற 95 பேரோட அளவு. அப்ப நல்லா இருக்குற ஆளுக்கே இருபது டெஸ்ட் எடுத்தா ஒண்ணு கோட்டைத் தாண்டி நிக்கும். 82 எடுத்தா நாலு சிவப்பு எழுத்து வர்றது ஆச்சரியமே இல்ல. டெஸ்ட்டுங்கறது டாக்டர் மனசுல ஒரு கேள்வி வந்த பிறகு அதுக்கு பதில் தேடுறது, கேள்வியே இல்லாம பதிலை வாங்கிட்டு வந்தா நானும்தான் குழம்புவேன்னார்.

டாக்டரைப் பாக்குறதுக்கு முன்னாடியே போன காசு, பேக்கேஜ் 1,999, கேஷுவால்டி 3,850, கிளினிக் ஃபீஸ் 400, மாத்திரை 310, ஆன்டிபாடி டெஸ்ட் 3,200. மொத்தம் 9,759 ரூபாய், ஆட்டோ சேர்க்காம. ஒரு லீவு மிச்சம் பண்ணப் போய் மூணு லீவு போச்சு. டாக்டரைப் பாத்த பிறகு ஆன செலவு, அவர் ஃபீஸ் 900, ஃபெரிட்டின் 700, தைராய்டு 480, மொத்தம் 2,080. என் வியாதியைக் கண்டுபிடிச்சது இந்த 2,080தான். கீழ் வீட்டு அக்கா கீழ்ப்பாக்கம் ஜிஎச்லதான் எல்லாம் பாத்துக்குவாங்க. அங்க மொதல்ல ஓபி சீட்டு, அப்புறம் டாக்டர், அவர் எழுதினா அப்புறம்தான் லேப், அதுவும் இலவசம். வரிசையில நிக்கணும், ஒரு நாள் போயிரும், நெஜம்தான். ஆனா அந்த வரிசை முறை சரியான முறை, பிரைவேட்ல காசு குடுத்து நாமதான் அதைத் தலைகீழா மாத்திக்கிறோம். சும்மா சுகர், ஹீமோகுளோபின் மட்டும் பாக்கணும்னா ஏரியாவுல இருக்குற கார்ப்பரேஷன் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பாப்பாங்க, அதுவும் எனக்கு அப்ப தோணல.

முன்னாடியே டெஸ்ட் எடுக்கவே கூடாதான்னா, அப்படி இல்ல. சில டாக்டருங்க அவங்களே இன்னின்ன எடுத்துட்டு வாங்கன்னு சொல்லுவாங்க, ஏற்கனவே சுகர், தைராய்டு இருக்குறவங்க புது டாக்டரைப் பாக்கப் போனா கண்டிப்பா கேப்பாங்க. அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேளுங்க, என்ன டெஸ்ட், ஃபாஸ்டிங் வேணுமா, எத்தனை நாளுக்குள்ள எடுத்த ரிப்போர்ட் செல்லும், குறிப்பிட்ட லேப் ஏதாவது இருக்கா. எந்த லேப்னாலும் லேப்களோட தரத்தைப் பாத்து சான்று குடுக்குற என்ஏபிஎல் அமைப்போட அங்கீகாரம் இருக்கான்னு பாத்துக்கோங்க, தொடர்ந்து பாக்குற டெஸ்ட்டை ஒரே லேப்ல எடுங்க, லேப் மாறினா கருவி மாறலாம், நம்பரை ஒப்பிடுறது கஷ்டம். தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க அன்னைக்கு ரத்தம் குடுத்துட்டு அப்புறம் மாத்திரை போடுங்க. சிறுநீர்ல கிருமி இருக்கான்னு பாக்குற யூரின் கல்ச்சர்னா ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி குடுக்கணும், மொத சிறுநீரை விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிக்கணும், ரொம்ப நேரம் வீட்டுல வெச்சிருக்கக் கூடாது. இதெல்லாம் அந்த டாக்டர் கிளினிக்ல இருந்த நர்ஸம்மா ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தது. பிபி, சுகர், ஹார்ட் மாத்திரையை மட்டும் டெஸ்ட்டுக்காகன்னு நீங்களா நிறுத்திடாதீங்க, கேட்டுட்டு செய்யுங்க. அப்புறம் சாப்பிடுற எல்லாத்தையும், சித்த மருந்து, லேகியம், புரோட்டீன் பவுடர், முடி மாத்திரை, எல்லாத்தையும் டப்பாவோட ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேட்டா நமக்கு பிபி சுகர் மாத்திரைதான் ஞாபகம் வரும், வாய் ஒண்ணும் இல்லன்னு சொல்லிடும், ஃபோட்டோ சொல்லிடும்.

இரும்பு ஏன் குறைஞ்சதுன்னு பாக்க கைனக் டாக்டரைப் பாக்கச் சொன்னார் அந்த ஹார்மோன் டாக்டர். ஒரு வருஷமா எனக்கு பீரியட்ஸ்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் மாத்த வேண்டி இருந்துச்சு, வயசானா இப்படித்தான் இருக்கும் போலன்னு நானே சமாதானம் பண்ணிக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல. இந்தத் தடவை ஃபோன் பண்ணி, எந்த டெஸ்ட்டும் எடுக்கல மேடம், ஏதாவது எடுத்துட்டு வரணுமான்னு கேட்டேன். ஒண்ணும் வேணாம், கடைசி மூணு மாச பீரியட்ஸ் தேதி எழுதிட்டு வாங்க, ஸ்கேன் இங்கயே பாத்துக்கலாம், வரும்போது தண்ணி குடிச்சிட்டு யூரின் போகாம வாங்கன்னாங்க. தேதியும், ஒரு நாளைக்கு எத்தனை பேட்னும், ஒரு பழைய டைரித் தாள்ல எழுதிட்டுப் போனேன், கூட அந்த சிபிசி, ஃபெரிட்டின் ரிப்போர்ட், மாத்திரை ஃபோட்டோ. டாக்டரம்மா அந்தத் தாளைத்தான் மொதல்ல படிச்சாங்க. ஸ்கேன்ல கர்ப்பப்பையில ஃபைப்ராய்டுன்னு ஒரு சாதாரண தசைக்கட்டி இருந்துச்சு, பயப்படுற மாதிரி இல்ல, மாத்திரையிலயே கட்டுக்குள்ள இருக்கு.

இரும்பு மாத்திரை மூணு மாசம் சாப்பிட்டு ஹீமோகுளோபின் 11.9க்கு வந்துச்சு. காபி டீயோட சேத்து போடக் கூடாது, மலம் கருப்பா போகும், அதுக்குப் பயப்பட வேணாம்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. சேமிப்பும் நிரம்பணும்னு இன்னும் மூணு மாசம் தொடரச் சொல்லியிருக்காங்க. ஜனவரியில திரும்ப சிபிசி, ஃபெரிட்டின், எச்பிஏ1சி. அதுக்கு முன்னாடி இரும்பு மாத்திரையை நிறுத்தணுமான்னு இப்பவே கேட்டு வெச்சிட்டேன், டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மட்டும் போட வேணாம்னாங்க. ஃப்ரிட்ஜ் மேல தேதி போட்டு எழுதி ஒட்டியிருக்கேன், பாப்பா அதுக்குப் பக்கத்துல ஒரு ஊசி படம் வரைஞ்சு வெச்சிருக்கா.